39பி6: நைட்ரோடைரோசின் ஆன்டிபாடி வாங்கலாமா? மீன் செவுளில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திசுவில் நைட்ரோடைரோசின் (புரதத்தில் ஏற்படும் ஒரு வேதியியல் சேதத்தின் அடையாளம்) பார்க்க ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடிக்கும் புரதம்) தேடிக்கொண்டிருப்பவர்கள் 39பி6 குளோனை (ஒரே செல் வழியில் உருவான ஆன்டிபாடி) நம்பி வாங்கலாம், காசு வீண் போகாது. ஆனால் குப்பியை மட்டும் வாங்கிவிட்டு, அதோடு ஓட்ட வேண்டிய கன்ட்ரோல்களில், அதாவது வந்த முடிவு நிஜமா என்று சரிபார்க்கும் சோதனைகளில், மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் அந்தக் குப்பியே வேண்டாம், அந்தப் பணத்துக்கு பிப்பெட் டிப் வாங்கி வையுங்கள், அதாவது உபயோகப்படும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி லேபில், நொய்யல் தண்ணீர் பாயும் குளத்து ஜிலேபி மீனின் செவுளிலும் ஈரலிலும் இதை ஓட்டியிருக்கிறேன். எலி வைத்து வேலை செய்பவர்களுக்கு வேறு ஒரு தலைவலி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடு உருவாவது சாதாரணம், ரத்தக்குழாயைத் தளர்த்துவதே அதுதான், அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998இல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்கள். அதே இடத்தில் சூப்பராக்சைடும் (ஆக்சிஜனின் வீரியம் கூடிய ஒரு வடிவம்) கூடிவிட்டால் இரண்டும் சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் ஆகிவிடும். இந்தச் சேர்க்கை உடம்புக்குள் நடக்கக்கூடும் என்று பெக்மன் குழு 1990இல் சொன்னது. பெராக்ஸிநைட்ரைட் உடம்பின் பி.எச்.சில் ஒரு நொடி தாங்குவதே அதிகம், அதனால் அதை நேராகப் பிடித்து அளப்பது நடக்காத காரியம். ஆனால் போகிற போக்கில் அது புரதத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு நைட்ரோ குழுவை ஒட்டிவிட்டுப் போகும், எடை 45 டால்டன் கூடும். அந்த ஒட்டுதான் 3-நைட்ரோடைரோசின், நாம் தேடுவதும் அதைத்தான். இதிலேயே ஒரு எச்சரிக்கை: நைட்ரோடைரோசின் இருந்தால் பெராக்ஸிநைட்ரைட் வந்து போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. வெள்ளை அணுக்களில் இருக்கும் மையலோபெராக்சிடேஸ், நைட்ரைட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வைத்து இதே வேலையைச் செய்யும். வீக்கம் கண்ட திசுவில் இரண்டும் கலந்துதான் இருக்கும். தீசிஸில் எழுதும்போது கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

இப்போது பொருளுக்கு வருவோம். 39பி6 சுண்டெலியில் எடுத்த மோனோகுளோனல் (ஒரே குளோனிலிருந்து வருவது), ஐ.ஜி.ஜி. என்னும் ஆன்டிபாடி இனத்தில் 2ஏ வகை. நைட்ரோடைரோசின் போலவே இருக்கும் ஒரு சின்ன மூலக்கூறை பி.எஸ்.ஏ.வில் (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) ஒட்டி ஊசி போட்டு உருவாக்கியது. பல கம்பெனிகள் பல லேபிளில் விற்கின்றன, விலையும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், உள்ளே இருப்பது ஒரே குளோன். அதனால் கம்பெனி பெயரைப் பார்த்து மயங்காமல் டேட்டாஷீட்டில் குளோன் எண்ணையும், ஒரு மில்லியில் எத்தனை மைக்ரோகிராம் என்பதையும் பார்த்து, ஒரு மைக்ரோகிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். 1ஏ6 என்று இன்னொரு பழைய குளோனும் உண்டு, நிறையப் பேப்பர்களில் அதைப் பார்க்கலாம். முயலில் எடுத்த பாலிகுளோனலும் (பல ஆன்டிபாடிகளின் கலவை) கிடைக்கும், ஆனால் அதில் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் குணமும் மாறக்கூடும், நடுவில் குப்பி தீர்ந்தால் புதுசை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

எங்களுக்கு இதில் பிடித்தது ஒன்று. மீனுக்கு ஆன்டிபாடி தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும், எந்த ஷீட்டை எடுத்தாலும் மனிதன், எலி, சுண்டெலி என்றுதான் இருக்கும். நைட்ரோடைரோசினில் அந்தச் சிக்கலே இல்லை. ஆன்டிபாடி தேடுவது ஒரு புரதத்தின் வரிசையை அல்ல, ஒரு வேதியியல் ஒட்டை. அந்த ஒட்டு ஜிலேபி மீனிலும் ஒன்றுதான், நாமக்கல் கோழியிலும் ஒன்றுதான், மனிதனிலும் ஒன்றுதான். டேட்டாஷீட்டில் மீன் இல்லை என்று டீலர் கையை விரித்தால், பரவாயில்லைங்க கொடுங்க என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

விலை குத்தும். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் பாதிக்கு மேல் அதைத் தாண்டித்தான் இருந்தன. டெலிவரி விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, டீலர் பெயர் வேண்டாம். ஐஸ் ஜெல் வைத்த பெட்டி ஏப்ரல் மாதத்தில் ஒரு வார இறுதியில் வந்து சேர்ந்தது. "மேடம், பார்சல் சனிக்கிழமையே வந்துருச்சுங்க, ஆபீஸ் பூட்டிட்டாங்க, திங்கக்கிழமை காலைல வந்து எடுத்துக்குங்க" என்று போனில் நிதானமாகச் சொல்கிறார். ஏப்ரலில் கோயம்புத்தூர் குளுகுளுவென்று இருக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல. திங்கட்கிழமை பிரித்தால் ஜெல் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர். ஐ.ஜி.ஜி. கொஞ்சம் கெட்டியான சாமான், இந்தப் பாடு பட்டும் வேலை செய்தது. அதே பெட்டியில் வந்த எலைசா கிட் (நைட்ரோடைரோசினை எண்ணாக அளக்கும் ஆன்டிபாடி கிட்) அந்தப் பாடு தாங்கவில்லை, அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்டாண்டர்டு கர்வே வரவில்லை. ஆர்டர் போடும்போதே திங்கள் அல்லது செவ்வாய் கிளம்புகிற மாதிரி அனுப்பச் சொல்லி மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள், போனில் பேசியது எதற்கும் சாட்சி ஆகாது.

குப்பி கைக்கு வந்ததும் திசுவில் போடாதீர்கள். முதல் வேலை டாட் பிளாட், அதாவது மெம்பிரேனில் புரதத்தைப் பொட்டாக வைத்து ஆன்டிபாடி பிடிக்கிறதா என்று பார்ப்பது. நைட்ரேட் செய்த பி.எஸ்.ஏ. ஒரு பொட்டு, சாதா பி.எஸ்.ஏ. ஒரு பொட்டு, பக்கத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்து இன்னும் சில. நைட்ரேட் செய்த பி.எஸ்.ஏ.வைத் தனியாக விற்கிறார்கள், அதற்கும் ஒரு விலை, தேவையே இல்லை. குளிர வைத்த அமிலத்தில் நைட்ரைட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த மறுகணம் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி நிறுத்தினால் பெராக்ஸிநைட்ரைட் கிடைத்துவிடும், காரத்தில் அது தாங்கும், 302 நானோமீட்டரில் 1670 என்ற குணகத்தை வைத்து அளவு பார்த்து பி.எஸ்.ஏ.வில் கலக்கினால் முடிந்தது. ஃப்யூம் ஹூடுக்குள், கண்ணாடி போட்டுக்கொண்டு, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் சின்-1 வாங்குங்கள், அது கரைசலில் நைட்ரிக் ஆக்சைடையும் சூப்பராக்சைடையும் தானே மெல்ல வெளியிடும். வேலை நடந்ததா என்று பார்க்க ஆன்டிபாடிகூட வேண்டாம், காரம் சேர்த்தால் பி.எஸ்.ஏ. கரைசல் மாரியம்மன் பண்டிகை மஞ்சள் நீர் மாதிரி ஆகும், அமிலம் விட்டால் வெளுத்துவிடும், ஸ்பெக்ட்ரோமீட்டரில் 430 பக்கம் ஏறுவதையும் பார்க்கலாம். 39பி6 இந்தச் சோதனையில் பிசகவே இல்லை. சாதா பி.எஸ்.ஏ. பொட்டு வெள்ளையாகவே இருந்தது, எனக்கு நம்பிக்கை வந்ததே அங்கேதான்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி ஆன்டிபாடி போடுவது) கதை வேறு. ஒரு பட்டை வரும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். எந்தப் புரதத்தில் டைரோசின் நைட்ரேட் ஆகியிருக்கிறதோ அதெல்லாம் தெரியும், ஒரு வரிசையில் ஏழெட்டுப் பட்டை, நடுவில் புகை மாதிரி ஒரு இழுப்பு, அதுதான் இயல்பு. எது எந்தப் புரதம் என்று தெரிய வேண்டுமென்றால் இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைத் தனியாகப் பிடித்து இழுப்பது) செய்ய வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் மாங்கனீஸ் எஸ்.ஓ.டி.யில் 34ஆம் இடத்தில் இருக்கும் டைரோசின் நைட்ரேட் ஆனால் அந்த என்சைமே முடங்கிவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், சூப்பராக்சைடைத் துடைக்க வேண்டிய ஆளே படுத்துவிட்டால் பெராக்ஸிநைட்ரைட் இன்னும் கூடும், அதனால் தேடுவதென்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு குழி இருக்கிறது. ரத்தம் நிறைந்த திசுவை அரைத்து, வழக்கம்போல டி.டி.டி. அல்லது மெர்காப்டோஎத்தனால் (இரண்டும் தயோல் என்னும் கந்தகச் சேர்மங்கள்) போட்ட பஃபரில் கொதிக்க வைத்தால் நைட்ரோடைரோசின் காணாமல் போகும். ரத்தத்திலிருக்கும் ஹீமும் (இரும்புள்ள பகுதி) தயோலும் சேர்ந்தால் நைட்ரோவை அமினோவாக மாற்றிவிடும், என்சைமே தேவையில்லை, மேலே சொன்ன நோபலை வாங்கிய மூவரில் ஒருவரான முராதின் குழுவே 1999இல் இதைக் காட்டியது. மீன் செவுள் என்பதே ரத்தம்தான். இதயத்துப் பக்கமிருந்து ஹெபாரின் கலந்த உப்புநீர் விட்டுச் செவுள் வெளுக்கும்வரை கழுவிய மீனில் சிக்னல் நன்றாக வருகிறது, கழுவாத மீனில் மங்கல். இதைத் தெரியாமல் கழுவின குரூப்பையும் கழுவாத குரூப்பையும் ஒப்பிட்டால் என்ன கதை வேண்டுமானாலும் எழுதலாம். கழுவ வழியில்லாதவர்கள் டி.டி.டி. இல்லாமல், கொதிக்க விடாமல் மிதமாகச் சூடாக்கி ஓட்டிப் பாருங்கள்.

இதே வேதியியலை நமக்கு ஆதரவாகவும் திருப்பலாம், இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். சோடியம் டைதயோனைட் நைட்ரோடைரோசினை அமினோடைரோசினாக மாற்றிவிடும், 39பி6 அமினோவைப் பிடிக்காது. அதனால் ஒரே சாம்பிளை இரண்டு மெம்பிரேனில் ஓட்டி, ஒன்றை பி.எச். 9 போரேட் பஃபரில் புதிதாகக் கரைத்த டைதயோனைட்டில் ஊற வைத்து, நன்றாகக் கழுவி, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆன்டிபாடி போடுங்கள். டைதயோனைட்டில் ஊறினதில் மறைந்த பட்டைதான் நிஜம். மறையாமல் அப்படியே நிற்கிற பட்டை என்ன விளக்கம் சொன்னாலும் நைட்ரோடைரோசின் இல்லை. எங்கள் ஈரல் சாம்பிளில் கெட்டியாக, பார்க்க அழகாக ஒரு பட்டை இருந்தது, டைதயோனைட்டுக்கு அசையவே இல்லை, அதைத் தூக்கிப் போட்டோம். வேடிக்கை என்னவென்றால் இந்த டைதயோனைட்டைத்தான் திருப்பூர் சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் என்று சொல்லிக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். 2011இல் கழிவுநீரைச் சுத்தமாக நிறுத்தாத பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும், எங்கள் மீன் கதையே திருப்பூர் வழியாக ஓடும் அதே நொய்யல் நதியிலிருந்து வந்ததுதான், கடைசியில் கன்ட்ரோலுக்கும் அந்தத் தொழிலின் மருந்தே வந்து நிற்கிறது. லேபுக்கு லேப் கிரேடு வாங்குங்கள், காற்றுப் பட்டால் கெட்டுவிடும், திறந்த டப்பாவைப் பல மாதம் வைத்து ஓட்டாதீர்கள்.

ஸ்லைடுக்கு வந்தால் மீன்காரர்களுக்குத் தனிச் சோதனை. பாரஃபின் பிளாக், பி.எச். 6 சிட்ரேட்டில் சூடாக்கி எடுத்தது, நான் 1-க்கு 100 போட்டேன், பாலிமர் எச்.ஆர்.பி. (நிறம் வரவைக்கும் என்சைம்), டி.ஏ.பி. (அந்த என்சைம் பழுப்பாக மாற்றும் சப்ஸ்ட்ரேட்). செவுளில் தெளிவாக வந்தது. ஈரலில் அங்கங்கே பழுப்புக் கொத்துகள், பார்க்க அபாரமான பாசிட்டிவ். எங்களுக்கு செக்‌ஷன் போட்டுக் கொடுக்கும் அக்கா மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கண்ணு, இது நீ ஆன்டிபாடி போடறதுக்கு முன்னாடியே இருந்த கலருடா" என்று சாயம் போடாத ஸ்லைடை எடுத்துக் காட்டினார். மெலனோமேக்ரோஃபேஜ் கொத்துகள். மீனின் ஈரல், மண்ணீரல், சிறுநீரகத்தில் மெலனினும் லிப்போஃபஸினும் ஹீமோசிடரினும் சேர்ந்து இயற்கையாகவே பழுப்பாக நிற்கும், அழுக்குத் தண்ணீர் மீனில் இன்னும் கூடலாம், அதனால் ஸ்ட்ரெஸ் கூடக் கூட டி.ஏ.பி.யும் கூடுகிறது என்று அருமையான கிராஃப் வந்துவிடும், அத்தனையும் பொய். சிவப்பு வரும் சப்ஸ்ட்ரேட்டுக்கு மாறுங்கள், ஒவ்வொரு பிளாக்குக்கும் சாயம் போடாத ஸ்லைடு ஒன்று வையுங்கள். ஸ்லைடுக்கான கன்ட்ரோல் எளிது: ஆன்டிபாடியோடு 10 மில்லிமோலார் தனி நைட்ரோடைரோசினைக் கலந்து ஊறவிட்டுப் பிறகு ஸ்லைடில் ஊற்றினால் நிஜ சிக்னல் அடங்கிவிடும்.

நிலைப்படுத்துவதற்கு நடுநிலை பஃபர் ஃபார்மலின் மட்டும். மீன் ஹிஸ்டாலஜிக்காரர்களுக்கு (திசுவை வெட்டிப் பார்ப்பவர்கள்) போயின்ஸ் என்ற கரைசல் மேல் ஒரு பாசம் உண்டு, படமும் அழகாகத்தான் வரும், ஆனால் அதில் அமிலம் இருக்கிறது, நைட்ரைட் இருக்கிற இடத்தில் அமிலம் சேர்ந்தால் டைரோசின் புதிதாக நைட்ரேட் ஆகலாம். குளத்து நன்னீர் மீன் தண்ணீரிலிருக்கும் நைட்ரைட்டைச் செவுள் வழியாகவே இழுத்துக்கொள்ளும் ஜீவன். அந்த ரிஸ்க் எனக்கு வேண்டாம்.

எலிக்காரர்களின் தலைவலி சொல்கிறேன் என்றேன். 39பி6 சுண்டெலி ஆன்டிபாடி. அதைச் சுண்டெலித் திசுவில் போட்டு ஆன்டி-மவுஸ் செகண்டரி (சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடித்துச் சிக்னல் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி) ஊற்றினால், செகண்டரி அந்தத் திசுவிலேயே இருக்கும் ஐ.ஜி.ஜி.யையும் பிடிக்கும், பிளாட்டில் 50 கிலோடால்டனுக்கும் 25 கிலோடால்டனுக்கும் பக்கத்தில் கொழுத்த பட்டைகள் வரும். எலியிலும் ஓரளவு இதே தொல்லை. பக்கத்து லேபில் ஒரு தம்பி அந்த 50 பட்டையைக் காட்டிச் சிக்னல் பிரமாதம்க்கா என்றான், ப்ரைமரி (முதல் ஆன்டிபாடி) போடாமல் செகண்டரி மட்டும் ஊற்றச் சொன்னேன், அப்படியே வந்தது. சுண்டெலிக்கு முயல் பாலிகுளோனல் பாருங்கள், அல்லது மவுஸ் ஆன் மவுஸ் பிளாக் கிட் சேர்த்து வாங்குங்கள். மீன், கோழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

எலைசா கிட் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மாற்றிக் கொடுத்த கிட் ஓடியது, கர்வ் அழகாக வந்தது, எண்ணும் கிடைத்தது. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சில கிட்டில் பிடிப்பதற்கும் காட்டுவதற்கும் இரண்டு பக்கமும் நைட்ரோடைரோசின் ஆன்டிபாடியே இருக்கும், அப்படியானால் ஒரு புரதத்தில் ஒரே ஒரு டைரோசின் நைட்ரேட் ஆகியிருந்தால் அது கணக்கிலேயே வராமல் போகும். ஸ்டாண்டர்டு நைட்ரோ-பி.எஸ்.ஏ., சாம்பிள் மீன் ஈரல், அந்த ஒப்பீடே ஒரு அனுமானம். ஒரே கிட், ஒரே லாட், ஒரே நாளில் ஓட்டிய குரூப்புகளை ஒன்றுக்கொன்று ஒப்பிடலாம், அதற்கு மேல் வேண்டாம். வேறு ஊர்ப் பேப்பரில் வந்த எண்ணோடு உங்கள் எண்ணை வைத்துப் பேசினால் ரெவியூவர் பிடித்துக்கொள்வார், பிடிக்கவும் வேண்டும்.

அளவாகவே வேண்டும் என்றால் எல்.சி.-எம்.எஸ்.எம்.எஸ். (மூலக்கூறுகளைப் பிரித்து எடை பார்த்து அளக்கும் முறை)தான், அதற்குச் சாம்பிளை வெளியூருக்கு அனுப்பியே ஆக வேண்டியிருந்தது. அனுப்புமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: புரதத்தை அமிலத்தில் கொதிக்க வைத்து உடைப்பீர்களா, என்சைமில் உடைப்பீர்களா? அமிலம் என்றால் மேலே சொன்ன நைட்ரைட் வம்பு இங்கேயும் வரும், ஐசோடோப்பு போட்ட டைரோசின் சேர்த்து அது புதிதாக நைட்ரேட் ஆகிறதா என்று கண்காணிப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, 39பி6 எஸ்-நைட்ரோசைலேஷனை, அதாவது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் நைட்ரிக் ஆக்சைடு ஒட்டுவதை, பார்க்காது. நைட்ரோசேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று தலைப்பில் போட்டுவிட்டுச் சிஸ்டீனில் நடக்கும் அந்தப் பாதியை விட்டுவிடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும். அதற்கு 2001இல் ஜாஃப்ரி, ஸ்னைடர் கொண்டுவந்த பயோட்டின் ஸ்விட்ச் முறை, வெளிச்சம் படாமல் செய்ய வேண்டிய வேலை, வேறு விமர்சனம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று விலைக்கு. மீன், கோழி, மாட்டுத் திசு வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆர்டரில் கூடவே டைதயோனைட், தனி நைட்ரோடைரோசின், சிவப்பு சப்ஸ்ட்ரேட் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் பர்ச்சேஸ் கமிட்டி அடுத்த வருடம்தான் கையெழுத்துப் போடும். குப்பி வந்தவுடன் சின்னச் சின்ன டியூபில் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள், ஒரு டியூபைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள். பஃபரில் சோடியம் அசைட் போடும் பழக்கம் இருப்பவர்கள் எச்.ஆர்.பி. செகண்டரி பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், என்சைம் செத்துவிடும், பிறகு பழி ஆன்டிபாடி மேல் விழும்.